யாரு தொட்டது? – நின்னுபோன ஒரு டிஎன்ஏ மெஷினோட கதை

(பேசினதை ஏறக்குறைய அப்படியே எழுத்துல போட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்களையும், நடுவுல வந்த பஸ் ஹாரனையும் மட்டும் எடுத்துட்டோம்.)

காரமடைல இருந்து பேசறேன். வழக்கமா இங்க சர்வர், கோடு, புரொடக்‌ஷன்ல ராத்திரி ரெண்டு மணிக்கு விழுந்த பக்னு பேசுவோம். இன்னிக்கு நான் கையாலகூட தொடாத ஒரு மெஷினைப் பத்திப் பேசப்போறேன். டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கற மெஷின். நான் இன்ஜினியரிங் படிச்சவன், பயாலஜியை பிளஸ் டூவோட விட்டவன். ஆனா ஒரு பழுதைத் தேடற வேலை எங்க போனாலும் ஒண்ணுதான்னு எனக்குப் புரிஞ்சது இந்த விசயத்துலதான்.

ஒரு நாள் ராத்திரி என் சித்தி பொண்ணு ஃபோன் பண்ணினா. பயோடெக் படிச்சவ. எங்க குடும்பத்துல லேப் கோட் போட்ட மொத ஆள். கோயமுத்தூர் பக்கம் ஒரு லேப்ல ரெண்டு வருசமா டெக்னீசியன். லேப் பேரு வேண்டாம், விடுங்க.

"அண்ணா, மெஷின் கெட்டுப்போச்சு. நாந்தான் கெடுத்தேன்னு சொல்றாங்க. சம்பளத்துல பிடிப்பாங்களாட்டம் இருக்குது."

நான் கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுமா? "நீ என்ன பண்ணின?"

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, "நீயும் அதையேதான் கேக்கற"ன்னா. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த எபிசோட்.

மெஷின் என்ன பண்ணுது

கதைக்குப் போறதுக்கு முன்னாடி அந்த மெஷினைக் கொஞ்சம் புரிஞ்சுக்கலாம்.

டிஎன்ஏ-ல நாலு எழுத்து: ஏ, டி, ஜி, சி. இதை வரிசையாப் படிக்க 1977-ல ஃபிரெடரிக் சாங்கர் ஒரு முறை கண்டுபிடிச்சார். 1980-ல அதுக்கு நோபல் கிடைச்சது. அவருக்கு அது ரெண்டாவது நோபல். படிக்க வேண்டிய துண்டை நகல் எடுப்பாங்க. நகல் எடுக்கும்போது அங்கங்க நின்னுபோற மாதிரி சில சிறப்பு எழுத்துகளைக் கலந்துவிடுவாங்க. அதனால ஒரு எழுத்து நீளம், ரெண்டு எழுத்து நீளம், மூணு எழுத்து நீளம்னு எல்லா அளவுலயும் துண்டு கிடைக்கும். ஒவ்வொரு துண்டோட கடைசி எழுத்துலயும் ஒரு நிறம் ஒட்டியிருக்கும். சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் வரிசைப்படுத்தி, கடைசி நிறத்தை மட்டும் படிச்சுட்டே போனா முழு வரிசையும் வந்துரும்.

அந்த வரிசைப்படுத்தற வேலையைத்தான் மெஷின் பண்ணுது. உள்ள தலைமுடி மாதிரி மெல்லிசான கண்ணாடிக் குழாய்கள். துளை மட்டும் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்கு. கேப்பிலரின்னு சொல்றாங்க. அந்தத் துளைக்குள்ள தேன் பதத்துல பாலிமர்னு ஒரு பசை. ரெண்டு முனைக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தா டிஎன்ஏ துண்டுகள் அந்தப் பசைக்குள்ள நீந்திப் போகும். சின்னது முன்னாடி, பெருசு பின்னாடி. கடைசில ஒரு லேசர் நிறத்தைப் பார்க்கும். ஒரு தடவைல எழுநூறு, எண்ணூறு எழுத்து நல்லாப் படிக்கலாம்.

2003-ல முடிஞ்ச மனித ஜீனோம் திட்டத்துல பெரிய பங்கு இந்த மாதிரி மெஷின்களோடதுதான். இப்போ இதைவிட வேகமான மெஷின்கள் வந்தாச்சு. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட இடத்துல ஒரு எழுத்து மாறியிருக்கான்னு உறுதி பண்ண இன்னும் பல லேப்ல இதைத்தான் நம்பறாங்க.

இதுல ஒரு விசயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. அந்தக் குழாய் முனை எப்பவும் ஈரத்துல இருக்கணும். பஃபர்னு சொல்ற கரைசல்ல முங்கியே இருக்கணும். காத்துல விட்டா பசை காய்ஞ்சு உப்பு பூத்த மாதிரி கட்டியாயிரும், துளை அடைச்சுக்கும். வெதுவெதுப்பான சுத்தமான தண்ணில ஊற வெச்சுக் காப்பாத்தப் பார்க்கலாம். வரலேன்னா குழாய்க் கொத்தையே மாத்தணும். செலவு லட்சத்துல.

என்ன நடந்தது

சாயங்காலம் தங்கச்சி ஒரு தட்டு சாம்பிளை மெஷின்ல வெச்சுட்டு, ஏழு மணிக்குக் கிளம்பிட்டா. 96 குழி இருக்கற தட்டு, குழாய் 16 தான். அதனால மெஷின் ஆறு சுத்து ஓட்டணும், ராத்திரி தானா ஓடும். காலைல வந்து பார்த்தா மெஷின் பாதில நின்னிருக்குது. தட்டு கீழ இறங்கி நிக்குது, குழாய் முனையெல்லாம் காத்துல. 16-ல பாதிக்கு மேல அடைச்சாச்சு.

கொத்தை மாத்தினாங்க. பத்து நாள் கழிச்சு அதே மாதிரி ரெண்டாவது தடவை. ரெண்டு தடவையும் தட்டு வெச்சது இவ. அவங்க கணக்கு அவ்வளவுதான். "தட்டைச் சரியா உக்கார வெச்சிருக்க மாட்ட, பஃபர் குறைவா ஊத்தியிருப்ப."

அந்த ரெண்டாவது தட்டுல ஒரு குடும்பத்தோட சாம்பிள் இருந்துச்சு. மொதக் குழந்தைக்குப் பரம்பரை நோய், அம்மா மறுபடியும் மாசமா இருக்காங்க. ரிப்போர்ட்டுக்கு நாள் எண்ணிட்டு இருக்காங்க. ரத்தம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நாள் மிச்சம் இல்ல.

இவ அழுதது சம்பளத்துக்காக மட்டும் இல்லைன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது.

மெஷினா, சாம்பிளா, ஆளா?

சரி, எங்க வேலைல என்ன பண்ணுவோம்? மொதல்ல பழுதை வட்டம் போட்டுச் சுருக்குவோம். சீக்வென்சிங்லயும் அதேதான். நல்ல டெக்னீசியன்கள் இதைக் கண்ணாலயே பண்றாங்க.

ஒரு குழாய்ல மட்டும் தப்பா, எல்லாத்துலயுமா? ஒவ்வொரு சுத்துலயும் அதே இடத்துக் குழி மட்டும் சொதப்பினா அந்தக் குழாய்தான் கோளாறு. ஒரே நாள்ல கலந்த சாம்பிள் மட்டும் எல்லாம் சொதப்பினா கெமிஸ்ட்ரி. வரைபடத்துல நாலு நிறமும் ஒரே இடத்துல ஊசி மாதிரி மேல குத்தி நின்னா, பசைக்குள்ள காத்துக் குமிழியோ காய்ஞ்ச துகளோ போகுதுன்னு அர்த்தம். எந்த டிஎன்ஏவும் நாலு எழுத்தை ஒரே இடத்துல அப்படிக் காட்டாது. எல்லாத்துக்கும் மேல, விடை முன்கூட்டியே தெரிஞ்ச ஒரு கன்ட்ரோல் சாம்பிளை ஓட்டிப் பார்க்கணும். அது நல்லா வந்தா மெஷின் மேல தப்பில்ல, உங்க சாம்பிளைப் பாருங்க. அதுவும் சொதப்பினா சாம்பிளைத் திட்டாதீங்க.

தங்கச்சி கன்ட்ரோல் வெச்சிருந்தா. நிக்கறதுக்கு முன்னாடி முடிஞ்ச சுத்துல அது அழகா வந்திருந்தது. சாம்பிளும் நல்லா வந்திருந்தது. அப்போ தட்டு ஒழுங்காத்தான் உக்காந்திருக்கு, பஃபரும் இருந்திருக்கு. பிரச்சினை ஓட்டத்துல இல்ல, திடீர்னு நின்னதுல.

"எர்ரர் லாக் மட்டும் எடுத்து அனுப்பு. நோயாளி பேரு, ரிசல்ட் எதுவும் வேண்டாம், உங்க சார்கிட்ட கேட்டுட்டு அனுப்பு"ன்னேன். அனுப்பினா.

மொதத் தடவை நின்னது காலைல 5:47. ரெண்டாவது 5:52. ரெண்டுலயும் ஒரே வரி: கருவியோட தொடர்பு துண்டிக்கப்பட்டது. லேப்ல ஒரு ஈ காக்கா இல்லாத நேரம்.

இங்க ஒரு சின்னப் பொறி இருக்கு. லேப் கம்ப்யூட்டர்கள் பல எடத்துல நெட்ல இருக்காது, கடிகாரம் தன் போக்குல ஓடும். இவங்களோடது 11 நிமிசம் ஃபாஸ்ட். ஃபோன் டைமோட ஒப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் 5:36, 5:41-னு திருத்திக்கிட்டோம். ரெண்டு இடத்து நேரத்தை ஒப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டு கடிகாரத்தையும் ஒப்பிடுங்க. இதுல ஏமாந்து ஒரு வாரம் வீணாக்கினவன் நான்.

அடுத்து, எல்லாரும் செய்யற தப்பு. கடைசியா நடந்த பழுதையே முறைச்சுப் பார்த்துட்டு இருப்போம். கடைசிப் பழுதைப் பார்க்காதீங்க, மொதப் பழுதைத் தேடுங்க. லாக்ல மூணு மாசம் பின்னாடி போனேன். அதே துண்டிப்பு, அதே விடியற்காலை நேரத்துல, பல நாள் நடந்திருக்கு! அந்த நாள்ல எல்லாம் மெஷின் சும்மா இருந்திருக்கு, குழாய் முனை பஃபர்ல முங்கியிருக்கு, அதனால சேதம் இல்ல. காலைல வந்தவங்க "கனெக்ட்" அமுக்கிட்டு வேலையப் பார்த்திருக்காங்க. ராத்திரி ஓட்டம் வெச்ச ரெண்டு நாள்ல மட்டும் மாட்டிக்கிட்டது. அந்த ரெண்டு நாளும் டூட்டி இவளுக்கு.

மாமா கேட்ட மூணு கேள்வி

மென்பொருள்ல எனக்குத் தெரிஞ்சது அங்க முடிஞ்சுபோச்சு. அடுத்து எங்க மாமாவுக்கு ஃபோன். மேட்டுப்பாளையம் ரோட்டுல மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கார். 2012-ல கரண்ட் பாதி நாள் இல்லாத காலத்துல இந்தக் கோயமுத்தூர் பட்டறைகள் எப்படி ஓடுச்சுன்னு அவரை விட்டா ரெண்டு எபிசோட் பேசுவார். டிஎன்ஏன்னா என்னன்னு அவருக்குத் தெரியாது. அவர் கேட்டது மூணே கேள்வி.

"மாப்ள, வெடியால அந்த பில்டிங்ல யாராச்சும் போர் மோட்டார் போடறாங்களா? யூபிஎஸ் கத்துதா? கத்தலைன்னா, எப்பருந்து கத்தலை?"

மோட்டார் போடறாங்க. வாட்ச்மேன் ஐயா தினமும் அஞ்சே முக்காலுக்குள்ள மேல்தொட்டிக்குத் தண்ணி ஏத்துவார். நீர்மூழ்கி மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடற கரண்ட்டை மாதிரி அஞ்சாறு மடங்கு ஒரு நொடிக்கு இழுக்கும். லைன் நல்லா இருந்தா லைட் லேசா மங்கும், அவ்வளவுதான். அந்த பில்டிங் பேனல்ல ஒரு நியூட்ரல் ஜாயிண்ட் லூஸ். அதனால வோல்டேஜ் நல்லாவே விழுந்திருக்கு.

அப்பக்கூட யூபிஎஸ் தாங்கியிருக்கணும், அதுக்குத்தான அது. ஆனா பேட்டரி உப்பிப்போய் செத்துக் கிடந்துச்சு. மெயின் லைன் விழுந்ததும் யூபிஎஸ் பேட்டரிக்குத் தாவியிருக்கு, அங்க ஒண்ணும் இல்ல. மெஷினுக்குக் கண்ணிமைக்கற நேரம் கரண்ட் போச்சு. கம்ப்யூட்டருக்குத் தனியா ஒரு சின்ன யூபிஎஸ் இருந்ததால அது முழிச்சிருந்து லாக் எழுதியிருக்கு.

பேட்டரி செத்தா யூபிஎஸ் கத்துமே? கத்தியிருக்கு. நாள் பூராக் கத்துதுன்னு யாரோ மியூட் பண்ணிட்டாங்க. லேப் ரெஜிஸ்டர்ல ஒரு வரி இருந்தது: "யூபிஎஸ் பீப் வருகிறது, தெரிவிக்கப்பட்டது." தேதி, கையெழுத்து. கையெழுத்து தங்கச்சியோடது. லாக்ல மொதத் துண்டிப்பு அதுக்கு எட்டு நாள் கழிச்சு.

எழுதி வெச்சதை அவளே மறந்துட்டா. படிக்க வேண்டியவங்க படிக்கவே இல்ல.

கத்தற மணியை அமுக்கறது

இது எங்க ஊர் கதைன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல ட்ராய்ங்கற ஊர்ல ரென்சிலர் பாலிடெக்னிக் இன்ஸ்டிட்யூட். 2020 செப்டம்பர். மைனஸ் 80 டிகிரில வைக்க வேண்டிய ஃப்ரீசர்ல ஒரு சின்ன ஏத்தம், மைனஸ் 78. அலாரம் அடிச்சது. சாம்பிளுக்கு ஆபத்து இல்ல. கோவிட் நேரம், ரிப்பேருக்கு ஆள் வர நாளாகும். அதனால கதவுல நோட்டீஸ் ஒட்டினாங்க: ரிப்பேருக்குச் சொல்லியாச்சு, பிளக்கை எடுக்காதீங்க, சத்தம் தொந்தரவா இருந்தா இந்தப் பட்டனை அமுக்குங்க. துப்புரவு வேலைக்கு வந்தவர் அந்தச் சத்தம் கேட்டு, உதவி பண்றதா நினைச்சு பிரேக்கரைத் தள்ளினார். ஆன் பண்றோம்னு நினைச்சு ஆஃப் பண்ணிட்டார். மைனஸ் 32-க்கு வந்துருச்சு. இருபது வருசத்துக்கும் மேலான ஆராய்ச்சி போச்சுன்னு 2023-ல பத்து லட்சம் டாலருக்கு மேல நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாங்க. கவனிங்க, வழக்கு அந்தத் தனி மனுசன் மேல இல்ல. அவருக்குச் சரியாப் பயிற்சி கொடுக்கலைன்னு அந்த கிளீனிங் கம்பெனி மேல.

வெளிச்சம் இல்லைன்னா ஜி

இன்னொரு விசயம் சொல்லணும், புது மெஷின்களைப் பத்தி. சென்னைல 1966-ல பிறந்த சங்கர் பாலசுப்ரமணியன், கேம்பிரிட்ஜ்ல டேவிட் கிளெனர்மன்கூட சேர்ந்து, கோடிக்கணக்கான துண்டுகளை ஒரே நேரத்துல படிக்கற முறையைக் கொண்டுவந்தார். 1998-ல சொலெக்சா கம்பெனி, 2007-ல அதை இல்லுமினா வாங்கிருச்சு. ஒரு கண்ணாடித் தட்டுமேல துண்டுகளை ஒட்டவெச்சு, ஒவ்வொரு எழுத்தாச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் ஃபோட்டோ எடுப்பாங்க. எந்த நிறம் மின்னுதோ அந்த எழுத்து.

மொதல்ல நாலு எழுத்துக்கு நாலு நிறம். அப்புறம் வேகத்துக்காகச் சில மெஷின்ல ரெண்டே நிறமாக் குறைச்சாங்க. சிவப்புன்னா சி, பச்சைன்னா டி, ரெண்டும் சேர்ந்தா ஏ. எதுவுமே மின்னலைன்னா ஜி.

புரோகிராமர்களுக்கு இப்பவே வயித்தைக் கலக்கியிருக்கும். வெற்று மதிப்புக்கு ஒரு அர்த்தம் கொடுத்துட்டாங்க! துண்டு தீர்ந்துபோனாலும் ஜி. குமிழி வந்து இருட்டானாலும் ஜி. மெஷின் ஒண்ணும் தெரியலைன்னு சொல்லாது. ஜி ஜி ஜி ஜி-ன்னு அடுக்கிட்டே போகும், சில சமயம் நல்ல நம்பிக்கை மார்க்கோட. அதனாலதான் ஃபாஸ்ட்பி மாதிரி மென்பொருள்கள் அந்த வகை மெஷின் டேட்டாவுல வால்ல வர்ற ஜி வரிசையைத் தானாவே வெட்டி எறியுது. வெளில இருந்து பார்த்தா எல்லாம் டேட்டா மாதிரித்தான் இருக்கும். உள்ள பார்த்தா யாரும் பேசவே இல்ல.

இதைப் படிச்சப்போ எனக்கு அந்த ஃபோன் கால்தான் ஞாபகம் வந்தது. "நீ என்ன பண்ணின?"ன்னு கேட்டேன், அவ பேசலை. அந்த மௌனத்தை நான் ஒரு நொடி "ஆமா, நாந்தான்"னு படிச்சேன். லேப்லயும் அப்படித்தான் படிச்சிருக்காங்க.

அப்புறம்?

லேப் எலக்ட்ரீசியன் பேனலைத் திறந்து ஜாயிண்ட்டைச் சரிபண்ணினார். பேட்டரி மாத்தினாங்க. அந்தக் குடும்பத்தோட சாம்பிளை வேற லேப்புக்கு அனுப்பினாங்க, ரிப்போர்ட் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு. அதுல என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கவும் கூடாது. சம்பளத்துல பிடிக்கலை.

ஆனா கதை அங்க முடியலை. லாக், ரெஜிஸ்டர் எல்லாத்தையும் காட்டினதும் அவங்க சார் கேட்ட அடுத்த கேள்வி, "யாரு மியூட் பண்ணினது? அந்த வாட்ச்மேனைக் கூப்பிடு, யாரைக் கேட்டு அந்த நேரத்துல மோட்டார் போடறார்?"

பார்த்தீங்களா, ஆள் மாறிச்சு, கேள்வி மாறலை.

தங்கச்சிதான் சொன்னாளாம்: "சார், மோட்டார் போடறது அவர் வேலைங்க சார். அவரைத் திட்டினா நாளைக்கு யாரும் எதையும் சொல்ல மாட்டாங்க. நானும் சொல்ல மாட்டேன்." ரெண்டு வருசத்துல அவ அந்த ரூம்ல சத்தமாப் பேசினது அதுதான் மொதத் தடவையாம். இப்போ அங்க ராத்திரி ஓட்டம் இருந்தா வாட்ச்மேன் ஐயாவுக்கு ஒரு சீட்டு போகுது. ஏழு மணிக்கு மேல மோட்டார் போடறார். யூபிஎஸ் கத்தினா அவரே ஃபோன் பண்றார்.

உங்க லேப்லயோ, பட்டறையிலோ, ஆபீஸ்லயோ ஏதாச்சும் நின்னா இந்த வரிசைல கேளுங்க. எப்போ நின்னது? அந்தக் கடிகாரம் சரியா? இதுக்கு முன்னாடி நடந்திருக்கா, மொதத் தடவை எப்போ? எல்லாத்துலயுமா, ஒண்ணுல மட்டுமா? விடை தெரிஞ்ச ஒண்ணை ஓட்டிப் பார்த்தாச்சா? கத்த வேண்டியது எது கத்தலை? "யாரு"ங்கறதைக் கடைசில வைங்க. பெரும்பாலும் அங்க வர்றதுக்குள்ள அந்தக் கேள்வியே தேவைப்படாது.

மாமாகிட்ட ரொம்ப நன்றின்னு சொன்னேன். "அதை விடு மாப்ள, உன்ற வீட்டு யூபிஎஸ்ஸுக்குத் தண்ணி ஊத்தி எத்தனை நாளாச்சு?"ன்னார். போய்ப் பார்த்தேன். காய்ஞ்சு கிடந்துச்சு.

உங்க வீட்டுலயும் ஒரு எட்டு பார்த்துருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். வர்றேனுங்க.